நான் எதையும் அழுத்தவில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க எப்போதும்போல் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தாயாரும் நலமாக இருக்கட்டும். அவரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

நான் எந்தப் பரிசுப் படத்தையும் அழுத்தவில்லை. என் மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் தொலைபேசியில் கிடைத்தவர்களிடமெல்லாம், "பாவம், தனியா இருக்காங்கல்ல, ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு படம் வந்துச்சாம், ஆசைப்பட்டு அமுக்கிட்டாங்களாம், மேல குடியிருக்கிற பொண்ணோட வேலையும் சேர்ந்து போச்சு" என்று சொல்லி வருவதாக அறிகிறேன். கடைசிப் பகுதியைத் தவிர அதில் எதுவும் சரியில்லை. நான் பாவம் இல்லை. தனியாகவும் இல்லை, மாடியில் ஆள் இருக்கிறது, இதை எழுதும் இன்றுவரை. பரிசு, படம் எதுவும் வரவில்லை. ஆசைப்படவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது. எங்கள் கான்வென்டில் தலைமைச் சிஸ்டர், ஒரு சோப்புக்கட்டி வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுவதானாலும் தாளை முழுவதும் படிக்கச் சொல்வார். என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒருமுறை படிக்காமல் போட்டாள். அந்தத் தாளின் கடைசி வரியில், இந்த மாதம் முழுவதும் விடுதிக் குளியலறைகளை நானே கழுவுகிறேன் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். அவள் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கற்றதை இந்த வயதில் ஒரு இயந்திரத்துக்காகக் கைவிடுவதாக இல்லை.

உங்கள் மாமனார் வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கணினியைத் திறந்ததும் தினமும் காலையில் ஒரு சிறு பெட்டி வரும். அதை உள்ளிருந்து நடத்துகிற இயங்குதளம் பழசாகிவிட்டது, புதியது தயார், இப்போதே மாற்றலாமா அல்லது பிறகு நினைவூட்டவா என்று கேட்கும். நான் மறுத்தேன் என்று என் மகள் சொல்வது தவறு. நான் மறுக்கவில்லை, ஒப்பந்தத்தைக் கேட்டேன். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பென்சிலும் கையுமாகப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடிக்கும்வரை "பிறகு" என்பதை அழுத்தி வந்தேன். அதை அழுத்தியதாகக் கணக்கில் கொள்ள முடியாது, அது அழுத்தாமல் இருப்பதற்காக அழுத்தியது. நீங்கள் அந்தச் சமயத்தில் வந்திருந்தீர்கள். காலைச் சாப்பாட்டு மேசையில், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, அதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, ஓகேன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போங்க" என்றீர்கள். "நீங்கள் படித்தீர்களா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை." "உங்கள் அலுவலகத்தில்?" "அங்க யாருமே படிச்சதில்ல அத்தை." கணினித் துறையில் ஒரு பிரிவுக்கே தலைவராக இருப்பவர் சொன்ன பதில் அது. வெண்ணெயை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன். பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பத்தி, உங்களுக்கு நேரக்கூடிய எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் உங்கள் நலனே எங்கள் முதல் கடமை என்றது. இரண்டில் எது என்று விளக்கம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டி எழுதினேன். தினமும் காலையில் எனக்கு நினைவூட்டத் தெரிந்தவர்களுக்கு என்னுடைய ஒரு நினைவூட்டலுக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. திரையில் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று இரண்டே கட்டங்கள். இந்த இரண்டு பத்திகள் நீங்கலாக ஒப்புக்கொள்கிறேன் என்று எழுத இடம் வைக்கவில்லை. அப்படியும் நான் முக்கால்வாசிக்கு வந்துவிட்டேன். அப்போது அவர்கள் ஒப்பந்தத்தையே மாற்றிப் புதியதைப் போட்டார்கள். முதலிலிருந்து தொடங்கினேன். அதுவும் பாதி வந்தபோது, ஒரு நாள் காலையில் பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த நச்சரிப்பு நின்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? என் கடிதங்களைக் கடைசியில் யாரோ மேலிடத்தில் படித்திருக்கிறார்கள், இந்த அம்மாளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பழைய இயங்குதளத்துக்குக் காவலையே அவர்கள் எடுத்துவிட்டார்கள், இனி அதில் விழும் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது, அதனால்தான் பெட்டி நின்றது என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் அதைத் தெரிவித்திருக்கலாம். தெரிவித்துத்தான் இருக்கிறார்களாம். ஒப்பந்தத்தில் நான் எட்டாத பகுதியில் இருந்ததாம்.

அதன் பிறகு கணினி மெதுவாயிற்று. மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிற ஆளைப்போல ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கியது. எனக்கும் அப்படித்தான் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மேலே சொன்ன அதே தோழி, குளியலறை கழுவியவள், தொலைபேசியில் வந்தாள். "நான் குண்டுன்னு உனக்கு யாருடி சொன்னது? உடம்பு குறைக்க மாத்திரை வாங்கிக்கோன்னு எனக்கு எழுதுறியே, உன்னை நீ கண்ணாடியில பார்த்திருக்கியா?" என்றாள். என் பெயரில், என் முகவரியிலிருந்து, எனக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் மாத்திரை விளம்பரம் போயிருக்கிறது. அவள் அதைப் படித்துக் காட்டினாள். வரிக்கு வரி பிழை. "இத்தனை பிழையைப் பார்த்துமா நான் எழுதியதென்று நம்பினாய்?" என்று கேட்டேன். "வயசாச்சுல்ல, அப்படித்தான் ஆகும்னு நினைச்சேன்" என்றாள். அவளோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். மாடியில் குடியிருக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், மொழிபெயர்ப்பாளர். மருந்துப் பெட்டிக்குள் பொடிப்பொடியாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதைத் தமிழில் எழுதுகிறவள். வாடகைக்கு வீடு கேட்டு வந்த அன்று வாடகை ஒப்பந்தத்தை நின்றுகொண்டே கடைசிவரை படித்து, "தண்ணீர்க் குழாய் ரிப்பேர் யாரு பொறுப்புன்னு இதுல இல்லையேம்மா" என்று கேட்டாள். என் வாழ்நாளில் அதை முழுக்கப் படித்த முதல் ஆள். அப்போதே சாவியைக் கொடுத்துவிட்டேன். அந்த மருந்துத் தாள்களை உலகத்தில் படிப்பவர்கள் இரண்டே பேர்: எழுதுகிற அவள், திருத்துகிற நான். அவளிடம் அச்சு இயந்திரம் இல்லாததால் இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைத்திருந்தோம். அவள் மேலே எழுதி அதில் போடுவாள். நான் கீழே அச்சிட்டுச் சிவப்புப் பென்சிலால் திருத்தி வைப்பேன். சாயங்காலம் அவள் இறங்கி வந்து தாள்களை எடுத்துப்போய்த் திருத்தங்களை ஏற்றிவிட்டு மறுநாள் என்னிடமே திருப்பிப் போட்டுவிடுவாள். அந்த நேரத்தில் ஒரு கோப்பைத் தேநீர். "குடிக்கவும்னு போட்டா போதாதாம்மா? விழுங்கவும்னு ஏன் மாத்துறீங்க?" "மாத்திரையை யாரும் குடிப்பதில்லை." "ஊர்ல எல்லாரும் மாத்திரை குடிச்சேன்னுதான் சொல்றாங்க." "ஊரில் எல்லாரும் படிக்காமல் கையெழுத்தும் போடுகிறார்கள்." இப்படிப் போகும். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அவள் வராத நாட்களில் எனக்குத் தேநீர் போடத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அவள் ஒரு பெரிய வேலையை எடுத்திருந்தாள்: வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மூச்சுக்கருவிக்கு ஒரு கையேடு, புத்தக அளவில். மருந்துத் தாளிலிருந்து புத்தகத்துக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு பெருமிதம். நன்றாக வந்தால் அந்த நிறுவனத்தின் கையேடுகள் எல்லாமே அவள் கைக்கு வரும். தவறினால் வேறு ஆளிடம் போய்விடும். முடிக்கும் தறுவாயில் ஒரு நாள் காலையில் தலையைக்கூடத் துவட்டாமல் இறங்கி வந்தாள். "அம்மா, உங்க கம்ப்யூட்டர்லயும் இது வந்திருக்கா?" வந்திருந்தது. திரை முழுதும் சிவப்பு. உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று ஓர் அறிவிப்பு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்தேன். மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: நிறுவனத்தின் ஒப்பந்தத்தைவிட அது பலமடங்கு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. திருடர்களுக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன், முகவரி கொடுக்கவில்லை.

அவள் கையேடு அத்தனையும் பூட்டில். பிரதி எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். எடுத்து வைத்திருந்தாள், அதே கோப்புறையில். "நான் எதையும் அழுத்தவில்லை" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்க அமுக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. நீங்கதான் எதையுமே அமுக்க மாட்டீங்களே" என்றாள். நான் சொன்னதையேதான் அவளும் சொன்னாள், ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கணினி பழுது பார்ப்பவரை அழைத்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், பிஸ்கட் தட்டைக் காலி செய்யாமல் எந்த இயந்திரத்தையும் திறக்காதவர். பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "ரெண்டும் அவுட்டும்மா. முதல்ல உங்களுது, உங்களுதுல இருந்து மேல." "நான் எதையும் அழுத்தவில்லை என்று இவளிடம் சொல்லுங்கள்." "அமுக்கவே வேண்டாம்மா. கம்பெனிக்காரன் கைவிட்ட சிஸ்டம் இது. ஓட்டை இருக்கிற வீடு எதுன்னு தேடிக்கிட்டே சுத்துறானுங்க, தானா உள்ள வந்துருவானுங்க. நீங்க ஒண்ணும் பண்ணல." பிறகு இன்னொரு பிஸ்கட்டை எடுத்தபடி, "ஒண்ணும் பண்ணாம விட்டீங்க, அதான்" என்றார். மேல்வீட்டுப் பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு மனிதர் சொன்னதன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. என்னிடம் கற்றது.

அன்றிலிருந்து அவள் சாயங்காலம் வரவில்லை. படியில் பார்த்தால், "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறாள். நேற்று என் கதவடியில் ஒரு தாள். தொழில் நிமித்தமாக வீட்டைக் காலி செய்ய விரும்புவதாக, ஒப்பந்தப்படி முன்கூட்டியே தெரிவிப்பதாக, தேதியிட்டு எழுதியிருக்கிறாள். ஒரு பிழை இல்லை. அக்காள் வீட்டுக்குப் போகிறாளாம். பிழை இல்லாத அந்தத் தாளைத்தான் நான் இதுவரை பல தடவை படித்துவிட்டேன்.

நீங்கள் அன்போடு அனுப்பிய புதிய கணினி வந்து சேர்ந்தது. பழுது பார்ப்பவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார். உடனே அதுவும் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டிக் கட்டத்தோடு நின்றது. "நான் அமுக்கிடட்டுமாம்மா?" என்றார். "என் பெயரில் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். "எத்தனையோ வீட்ல அமுக்கியிருக்கேம்மா, யாரும் செத்துப்போகல" என்றார். எனக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தாருங்கள் என்றேன். காகிதமும் நானே கொடுத்தேன். ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்களை நான் எறிவதில்லை, ஒரு கட்டு இருந்தது. "பழைய தாளைப் போட்டா மெஷின்ல மாட்டிக்குமேம்மா" என்று முனகிக்கொண்டே எடுத்துப்போய் அச்சிட்டுக் கொண்டுவந்தார். இப்போது அதைத்தான் படித்து வருகிறேன். இன்னும் கால்வாசியைத் தாண்டவில்லை. சில இடங்களில் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. அவர் இயந்திரத்தைத் துடைப்பதில்லை போலிருக்கிறது, அல்லது என் கண்ணாடியை மாற்ற வேண்டும். கணினி அந்தக் கட்டத்திலேயே விழித்துக்கொண்டு நிற்கிறது. மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் இந்தத் துறையில் பதவியில் இருப்பவர், உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. நடந்ததை ஆராய்ந்ததில் இந்த அம்மாள் எதையும் அழுத்தவில்லை என்று உங்கள் அலுவலகத் தாளில் ஒரு சான்றிதழ் எழுதி அனுப்ப வேண்டும். அதை மேல்வீட்டுப் பெண்ணிடம் காட்டுவேன். எழுத்தில் இருப்பதை அவள் மதிப்பாள். மனம் மாறக்கூடும். மாடி காலியாக இருப்பது வீட்டுக்கு நல்லதல்ல, ஈரம் ஏறிவிடும். வேறு எந்தக் காரணமும் இல்லை.

என் மகளுக்கு என் ஆசிகள். வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் தாயாருக்கு என் வணக்கம், பரிசுப் படத்தைப் பற்றித் திருத்திச் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் முழு மனதோடு. நீங்கள் எடுத்த காரியங்கள் எல்லாம் நல்லபடி முடியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமியார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். சான்றிதழ் வேண்டாம். இனி அது உண்மையாக இராது.

உறையை ஒட்டிவிட்டு ஒப்பந்தத்தைத் தொடர்ந்து படிக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அந்தச் சிவப்பு மிக அதிகமாக இருக்கவே, எரிச்சலோடு தாளைத் திருப்பினேன். "முகமூடியை அணியுமுன் குழாயைச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. "சரிபார்க்கவும்" என்பதை அடித்து, குழாயில் எதைச் சரிபார்ப்பது என்று ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கேட்டிருந்தது என் கையெழுத்து. அடுத்த தாளைத் திருப்பினேன். அதற்கடுத்ததை. அவள் திருப்பிப் போட்ட கையேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் ஒப்பந்தத்தை அச்சிட வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் அவள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முதுகைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அச்சிட்டது போக மிச்சமிருந்த தாள்களும் அலமாரியில் இருந்தன.

மாடிப்படியில் நான் ஏறி வெகு காலம் ஆகிறது. நடுவில் ஒரு முறை நின்றேன். கதவைத் திறந்தவள், "என்னம்மா, நீங்க போய் ஏறிக்கிட்டு" என்றாள். தாள்கட்டைக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு மூன்று தாள்களைப் புரட்டினாள், பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் இருக்காம்மா?" "கடைசிப் பகுதி இல்லை. அதை நீ இன்னும் எனக்கு அனுப்பவில்லை." "அது மனசுல இருக்கும்மா, எழுதிருவேன்." தாள்களை மடியில் அடுக்கிக்கொண்டே, "ஆனா அடிக்கிறதுக்கு மெஷின் இல்லையேம்மா, என்னுது ரிப்பேர்க்காரர் கடையில கிடக்கு" என்றாள். என்னுடையது இருக்கிறதே என்றேன். "அதை நீங்க இன்னும் படிச்சு முடிக்கலையே" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதே தாளின் இந்தப் பக்கத்தை நான் படிக்க வேண்டும், அந்தப் பக்கத்தைப் பார்த்து அவள் தட்டச்ச வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஆகாது. இப்படி ஒரு நிலைமை வரும் என்று தலைமைச் சிஸ்டர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவளோடு கீழே இறங்கி வந்து துணியை எடுத்தேன். அழுத்தினேன். என் வலது கை ஆள்காட்டி விரலால், அவள் முன்னிலையில். உடனே அது இன்னொரு ஒப்பந்தத்தைக் காட்டியது. அதையும் அழுத்தினேன். இன்னொன்று. பிறகு, புதுப்பிக்க வேண்டியது இருக்கிறது, இப்போதா பிறகா என்றது. இப்போது என்றேன்.

இதை எழுதும்போது அவள் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டச்சுகிறாள். நான் எதிரில் இருந்து வாசித்துக் கொடுக்கிறேன். நடுநடுவே தேநீருக்காக நிறுத்துகிறோம். வீட்டைக் காலி செய்யும் கடிதத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் எழுந்து போய் வேறு தாள் தேடச் சோம்பல்பட்டு, மேசையில் கிடந்த அதன் பின்பக்கத்தில்தான் சந்தேகங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை, நான் எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று ஒப்பந்தங்களையும் எனக்காக நீங்கள் முழுவதும் படித்து, விவரத்தை எழுத்தில் தெரிவிக்கவும். தொலைபேசியில் வேண்டாம்.